களத்தோரம் கழற்றிய சப்பாத்துகள்

நிதுர்ஷன் ஐந்து மணிக்கு எழும்பினான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். கிணற்றில் ஆறு வாளி அள்ளிக் குளித்தான். நீலச் சேட்டும் கறுத்தக் காற்சட்டையும் போட்டான். சேட்டில் பெயர் அட்டையைக் குத்தினான். விறாந்தையில் இருந்து சப்பாத்தைக் கட்டினான். இடது கால் முதலில், பிறகு வலது. கயிற்றில் இரட்டை முடிச்சு. மோட்டார் சைக்கிள் இருக்கையின் முன்பாதியைத் துணியால் துடைத்தான்.

ஐந்தே முக்காலுக்குப் பின்வளவிலிருந்து மாமி தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

"சீனி காணுமா மகன்?"

"காணும் மாமி."

"மத்தியானத்துக்குச் சோறு கட்டவா?"

"வேணாம். மில்லில சாப்பிடுவன்."

நாலு மாதமாக இதே நாலு வரிதான். அவன் குடித்து முடிக்கும்வரை மாமி தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டு போவாள்.

வீடு அவன் மனைவி மேனுகாவின் சீதனம். களுவாஞ்சிக்குடியில் இது வழக்கம். மகள் கலியாணம் முடித்ததும் பெரிய வீட்டை அவளுக்கு விட்டுவிட்டுத் தாய் பின்வளவுச் சின்ன வீட்டுக்குப் போய்விடுவாள். இப்போது வீட்டுக்காரி இல்லை, மருமகன் இருந்தான். போ என்று யாரும் சொல்லவில்லை. கல்குடாவிலிருந்து அவனுடைய அம்மா மட்டும் கிழமைக்கு ஒருதரம் அழைத்து, "இன்னும் அங்கதான் இரிக்கியா?" என்று கேட்பாள். "ஓம்" என்பான்.

அன்று மாமி கோப்பையை வாங்கியதும் போகவில்லை.

"கடைசி நேரத்திலயும் என்னைத்தான் நினைச்சிருக்காள், பாருங்க," என்றாள்.

"ஓம் மாமி."

"அம்மாவத் தனிய விடாதீங்க எண்டு சொல்ல அவளுக்குச் சீவன் இருந்திருக்கே."

"ஓம்."

செத்தவீட்டன்று அவன் அப்படித்தான் சொல்லியிருந்தான். கடைசியாக என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று மாமி அவனுடைய சேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். வாயில் வந்ததைச் சொன்னான். மேனுகா அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

துறையில் பாதை, ஆளையும் வண்டியையும் வாவி கடத்தும் மிதவை, கிடந்தது. மோட்டார் சைக்கிளை அதன் இரும்புத் தட்டில் ஏற்றி நிறுத்தினான். இரண்டு ஆசிரியைகள், பால் கொண்டுபோகும் ஒருவர், அவன். பாதை கரையை விட்டு மெல்ல மிதந்தது. வாவியைக் கடக்கும்வரை தண்ணீரைப் பார்த்தான். அந்தக் கரையில் இறங்கி, வயல்களுக்கு நடுவே மூன்று மைல் ஓடி அரிசி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

வாயிலில் பச்சைப் பலகை. 'விபத்தில்லாத நாட்கள்' என்று வெள்ளையில் எழுதியது. கீழே மூன்று ஆணிகள், ஆணிகளில் தகரத்தில் வெட்டிய இலக்கங்கள். நிதுர்ஷன் 290இல் இருந்த பூச்சியத்தைக் கழற்றி ஒன்றை மாட்டினான்.

291.

பலகை அவனுடைய யோசனை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது. அரிசி வாங்கும் கொழும்புக் கம்பனி பாதுகாப்புக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டதால்தான் அவனை வேலைக்கு எடுத்தார்கள். வந்த முதல் மாதமே பலகையை நட்டான். முதலாளி றிஸ்லானுக்குப் பலகை பிடித்துப்போனது. "முந்நூறு நாள் வரட்டும். எல்லாரையும் ஏசி பஸ்ஸில கதிர்காமத்துக்குக் கொண்டு போறன். நானும் வாறன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து காலையில் வாயிலுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது அந்த இலக்கத்தைத்தான்.

அவன் கொண்டுவந்த இன்னொன்று சப்பாத்து. முழங்கால் உயரத்துக்குக் கறுத்த றப்பர் சப்பாத்து, ஆளுக்கொரு சோடி. அதைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கச் சொன்னபோது பெண்கள் முப்பது பேரும் வேலையை விட்டுவிட்டு மரத்தடியில் போய் இருந்துவிட்டார்கள். நெல்லுக்கு மேல் செருப்போடு ஏறுவதா? அவர்களுடைய அப்பன், பாட்டன் யாராவது பொலிமேட்டு நெல்லின்மேல் சப்பாத்தோடு நின்றதுண்டா? அது ஒரு பக்கம். மறுபக்கம் வேலை. அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரவி, பாதங்களை இழுத்து இழுத்து நடந்துதான் துழாவுவார்கள். எந்த இடத்தில் ஈரம், எந்த இடம் காய்ந்துவிட்டது என்று உள்ளங்காலுக்குத்தான் தெரியும்.

எல்லாரையும்விட மேனுகாவின் காலுக்குத் தெரியும். களத்துக்குப் பொறுப்பு அவள்தான். அவன் ஈரம் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு வருவான். அவள் நாலடி நடந்து பார்த்துவிட்டு "பதினாலு" என்பாள். கருவியும் பதினாலு காட்டும். அப்படித்தான் அவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். மூன்று மாதம் கழித்துக் கலியாணம் முடித்தார்கள்.

சப்பாத்துச் சண்டையில் அவள் மரத்தடிப் பக்கம்தான் நின்றாள். கடைசியில் ஒரு உடன்பாடு. களத்தின் ஓரத்தில் மஞ்சள் கோடு. கோயில் வாசலில் கழற்றுவதுபோலச் சப்பாத்தை அங்கே கழற்றி அடுக்கிவிட்டுக் களத்தில் இறங்கலாம். மற்ற எல்லா இடத்திலும் சப்பாத்து. அந்தக் கோட்டை அவன் வாயில் பக்கமாகப் போட்டான். அவனுடைய அறை யன்னலிலிருந்து பார்த்தால் எத்தனை சோடி கழற்றியிருக்கிறது என்று எண்ணலாம்.

அன்று காலையும் இருபத்தெட்டுச் சோடி வரிசையாக நின்றது. அவன் களத்தோரம் வந்தபோது ஸகியா கத்தினாள். களத்தில் மிகவும் இளையவள் அவள், வாய் மட்டும் எல்லாரையும்விட மூத்தது.

"இந்தா, சப்பாத்துச் சேர் வாறார்! காலை ஒளிங்க!"

சிரிப்பு.

"சேர், கதிர்காமத்திலயும் சப்பாத்தோடயா கோயிலுக்குள்ள போவீங்க?"

"இல்ல."

"அப்ப இஞ்ச மட்டும் என்ன?"

சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தான். பிறகு கேட்க வேண்டிய குரல் கேட்கவில்லை என்று பட்டது. இப்படிப்பட்ட பகிடியை ஸகியாவிடமிருந்து பிடுங்கி இன்னும் நீட்டுகிறவள் கேதீஸ்வரி அக்கா. நாற்பத்தைந்து வயது, அகலமான ஆள், களம் அதிரச் சிரிப்பாள். அவள் களத்தின் மறுகோடியில் தலையை மூடிச் சால்வை போட்டுக்கொண்டு துழாவிக்கொண்டிருந்தாள். கச்சான் காற்று நெருப்பாக அடிக்கிற ஆனி மாதத்தில் சால்வை.

அவன் அவளைப் பார்க்கவில்லை, நெல்லைப் பார்த்தான். துழாவி நடந்தால் ஆளுக்குப் பின்னால் இரண்டு சால் விழும். மற்றவர்களுடைய இரண்டு சாலும் ஒரே ஆழம். கேதீஸ்வரிக்குப் பின்னால் இடது சால் ஆழமாகவும் வலது சால் கோழி கிளறியதுபோலவும் கிடந்தன.

சுற்றிக்கொண்டு அவளிடம் போனான்.

"அக்கா, காலுக்கு என்ன?"

"காலுக்கு என்ன? ரெண்டு இரிக்கு."

"காய்ச்சலா?"

"கச்சான் காத்துச் சூடு தம்பி. உனக்குச் சுடல்லயா?"

நிமிர்ந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. பூளை இல்லை, கண்ணீர் இல்லை. சிவப்பு மட்டும்.

"கெண்டைக்கால் உளையுதா?"

கேதீஸ்வரி துழாவுவதை நிறுத்தினாள். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவனுக்குத் தெரியும். மாசி மாதத்தில் மூன்று இரவு மேனுகாவின் கெண்டைக்காலுக்குத் தைலம் போட்டு உருவியிருக்கிறான். அறுவடைக் காலம், வேலை கூட, அதுதான் உளைகிறது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். எலிக்காய்ச்சலைப் பற்றி அவன் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"காலைக் காட்டுங்க அக்கா."

"பொம்பிளைட காலைப் பாத்து என்ன சாத்திரமா சொல்லப் போறா? விடு தம்பி."

"காட்டுங்க."

அவன் நெல்லின்மேல் குந்தினான். சப்பாத்தோடு களத்தில் ஏறிவிட்டதை அப்போதுதான் கவனித்தான். பெண்கள் துழாவுவதை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார்கள். கேதீஸ்வரி ஸகியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். பாதத்தின் குழியில் ஒரு கறுத்த கீறல். மஞ்சளை அப்பி அடைத்திருந்தது. சுற்றிவர வீங்கி மினுங்கியது.

"எப்ப?"

"போன கிழமை."

"எங்க?"

"வட்டையில."

கேட்டு முடிய முதலே பதில் வந்தது. கேதீஸ்வரிக்கு வயல் வட்டை ஒன்றும் இல்லை. ஆலையை விட்டால் வேறு வேலைக்குப் போகிறவளும் இல்லை. நிதுர்ஷன் தலையைத் திருப்பினான். களத்தின் இந்தக் கோடியிலிருந்து நெல் ஊறப்போடும் தொட்டிகளுக்குப் பத்தடி. தொட்டி வழிந்து அந்தப் பத்தடியும் கணுக்கால் தண்ணீர். ஊறிய நெல்லின் புளித்த மணம். எலி ஓடும் வளை, தொட்டிச் சுவரின் அடியில் நாலைந்து. பக்கத்தில் நெல் தூக்கும் இயந்திரத்தின் சங்கிலியிலிருந்து கழன்ற தகர வாளிகள். சப்பாத்துகள் மறுகோடியில், வாயில் பக்கம், மஞ்சள் கோட்டில் வரிசையாக நின்றன. எழுபது அடி நடந்துபோய்ச் சப்பாத்தை மாட்டி, களத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, பத்தடி தண்ணீரைக் கடக்கிறவர் யார்?

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றான்.

"இன்னும் ஒம்பது நாள்தான் தம்பி." அவளுடைய குரல் இறங்கிவிட்டது. "மகளுக்குச் சுகமாப் பிள்ளை கிடைச்சா வாறன் எண்டு கதிர்காமத்தானுக்கு நேந்திரிக்கன். பிள்ளை இப்ப தவழுது. போய்வந்து நானே ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"ஒம்பது நாள் இருக்க மாட்டீங்க."

கேதீஸ்வரி அவனுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தாள்.

வாயிலில் றிஸ்லான் மறித்தார். தகப்பனிடமிருந்து ஆலையை எடுத்து நடத்துகிறவர், நாற்பது வயது, தொழிலாளியை 'நீ' என்று கூப்பிட்டு நிதுர்ஷன் கேட்டதில்லை.

"காய்ச்சலெண்டா கொண்டு போங்க. ஆரு வேணாம் எண்டது? என்ட வேனை எடுங்க."

"வேன் சுத்திப் போகோணும், ஒரு மணித்தியாலம். பாதையால கெதியாப் போகலாம்."

"சரி. ஒண்டு மட்டும்." றிஸ்லான் கிட்ட வந்தார். "மில் எண்டு ஏன் தம்பி சொல்லோணும்? வட்டை எண்டு சொன்னாலும் அதே மருந்துதானே?"

"அவவுக்கு அதே மருந்துதான். மத்தாக்களுக்கு மருந்தில்ல. இன்னும் முப்பது பேர் அந்தத் தண்ணிக்குள்ள நடக்காங்க."

"அடுத்த கிழமை கொழும்பால ஆக்கள் வாறாங்க. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

றிஸ்லான் பலகையைப் பார்த்தார். "இது நீங்க வெச்ச பலகைதானே தம்பி?"

"ஓம். என்ட பலகைதான்."

கேதீஸ்வரி பின்னிருக்கையில் ஏறினாள். அவன் முதுகில் அவளுடைய சூடு சேட்டையும் தாண்டிச் சுட்டது.

பாதை அக்கரையில் நின்றது. இங்கே ஆட்கள் சேர்ந்தால்தான் வரும். கையைக் காட்டினான். அக்கரையில் யாரோ பதிலுக்குக் கை காட்டினார். வரட்டும் என்றா, பொறு என்றா, தெரியவில்லை. கேதீஸ்வரியைத் துறைக் கொட்டிலின் வாங்கில் இருத்தினான். அவள் சால்வைக்குள் நடுங்கினாள். வாவி தகடுபோலக் கிடந்தது. தூரத்தில் ஒரு தோணியில் ஒருவர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வேறு ஆள் நடமாட்டம் இல்லை.

"தம்பி."

"ஓம்."

"மேனுகாவுக்கும் நான்தான் மஞ்சள் வெச்சுக் கட்டின."

அவன் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதே இடம்தான். தொட்டியடி. தகர வாளி தண்ணிக்குள்ள கிடந்த, மிதிச்சிட்டாள். நல்லா ரத்தம். நான் உன்ட அறைக்கு மருந்துப் பெட்டி எடுக்க ஓடினன். அவள்தான் மறிச்சாள். பெட்டியத் திறந்தாப் புத்தகத்தில எழுதுவார், எழுதினாப் பலகை விழுந்திடும், ஆரு கேட்டாலும் வட்டையில எண்டு சொல்லுங்ககா எண்டாள். அண்டைக்கிருந்து எல்லாரும் அப்பிடித்தான் சொல்றது."

"எல்லாரும் எண்டா?"

"நாலைஞ்சு பேர் இரிக்கும்."

முதலுதவிப் பெட்டி அவனுடைய மேசைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. பக்கத்தில் கயிற்றில் தொங்கும் காயப் புத்தகம். பெட்டியைத் திறந்தால் எழுத வேண்டும். ஒன்பது மாதமாகப் பெட்டியில் ஒரு பஞ்சு குறையவில்லை. அதை அவன் நல்ல அடையாளம் என்றுதான் எடுத்திருந்தான்.

"உனக்குத் தெரியாதா தம்பி?"

"கொஞ்சம் தெரியும்."

ஏதாவது வரும் என்று காத்திருந்தான். நெஞ்சுக்குள் ஒன்றும் வரவில்லை. வெயிலில் சப்பாத்தின் இரும்பு முனை சூடாகி விரல்களைச் சுட்டது. அது மட்டும் தெரிந்தது.

மாசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காய்ச்சல் ஆறாம் நாள். தாதி காலைத் துடைத்தபோது அவன் வெட்டுக் காயத்தைக் கண்டான். டொக்டர் கேட்டார், வயல் வேலையா என்று. "ஓம், வட்டைக்குப் போனன்," என்றாள் மேனுகா. சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். அவள் அந்த மாதம் வட்டைப் பக்கமே போகவில்லை என்று அவனுக்குத் தெரியும். மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள், பிறகு கதைக்கலாம் என்று நினைத்தான். பேசாமல் நின்றான். மூன்றாம் நாள் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஐந்தாம் நாள் இல்லை. அவள் செத்தபோது பலகையில் 174. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து அவன் வேலைக்குத் திரும்பியபோது 205. கொதிகலன் பார்க்கும் ரதீஸ் ஒரு நாளும் விடாமல் மாற்றி வைத்திருந்தான். நிதுர்ஷன் பூச்சியத்தைத் தேடவில்லை. அடுத்த நாள் ஆறை எடுத்து மாட்டினான்.

பாதை வந்து கரையில் முட்டியது.

களுவாஞ்சிக்குடியில் வெளிநோயாளர் பகுதியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். காலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கெண்டைக்காலை அமத்தினார். கேதீஸ்வரி முனகினாள்.

"வயல் வேலையா?"

"ஓம் டொக்டர், வட்டை..."

"இல்ல," என்றான் நிதுர்ஷன். "அரிசி ஆலை. நெல் ஊறப்போடுற தொட்டித் தண்ணி. ஒரு கிழமைக்கு முதல் தகரம் வெட்டினது. அந்தக் காயத்தோட ஒவ்வொரு நாளும் அதே தண்ணியில நடந்திருக்கா. எலி இரிக்கு."

டொக்டர் நிமிர்ந்தார். "நீங்க?"

"ஆலைப் பாதுகாப்பு அலுவலர்."

"காய்ச்சல் எத்தினை நாள்?"

"மூண்டு," என்றாள் கேதீஸ்வரி. பொய் சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற மாதிரி இருந்தது அவளுடைய குரல்.

"சலம் போகுதா?"

"போகுது."

"நல்லது. நேரத்துக்கு வந்திருக்கிறீங்க." அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார். "இதே ஆலையில வேற ஆருக்கும் வந்ததா?"

விசிறி சுற்றியது. கேதீஸ்வரி அவனைப் பார்த்தாள். மேனுகா பார்த்ததுபோலவே.

"ஒராளுக்கு. மாசியில. வட்டை எண்டு பதிஞ்சிருக்கும். அது பிழை."

"பெயர்?"

"மேனுகா நிதுர்ஷன்."

டொக்டர் எழுதினார். பிறகு அவனுடைய சேட்டில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்தார். பேனை கொஞ்ச நேரம் நின்றது.

"எழுத்தில தாங்க," என்றார், மெதுவாக. "சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ, வந்து பாக்கோணும். தண்ணியில நடந்த எல்லாருக்கும் குளிசை குடுக்கோணும்."

கூடத்து வாங்கில் இருந்து எழுதினான். எட்டு வரி. திகதிகள், இடம், காயத்தின் காரணம், சொல்லாமல் விட்டவர் பெயர். கீழே கையெழுத்து. கேதீஸ்வரியை வாட்டுக்குக் கொண்டுபோகும்போது அவள் சால்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவனுடைய சேட்டின் ஓரத்தைப் பிடித்தாள்.

"அவளுகள் என்னைத் தின்னப் போறாளுகள் தம்பி. ஒம்பது நாள்."

"என்னைத்தான் தின்பாங்க," என்றான்.

அவள் சிரித்தாள். களம் அதிரவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

ஆலைக்குத் திரும்பியபோது மூன்று மணி. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே பலகைக்குப் போனான். ஒன்றைக் கழற்றினான். ஒன்பதைக் கழற்றினான். இரண்டைக் கழற்றினான். மூன்று பூச்சியங்கள் மாட்டினான். நடுப் பூச்சியம் கோணி நின்றது, நேராக்கினான். பின்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

ரதீஸ் முன்னால் நின்றான். கழுத்தில் துவாய், முகத்தில் உமித்தூசு.

"ஒம்பது நாள் பொறுக்க ஏலாமப் போயிட்டா சேர்?" மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "சரி, எல்லாரும் சப்பாத்தப் போடுங்க. சேர் எங்களக் கதிர்காமத்துக்கு நடத்திக் கொண்டு போகப் போறார்."

யாரும் சிரிக்கவில்லை.

"கேதீஸ்வரி அக்கா எப்பிடி?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வாட்டில மறிச்சு வெச்சிரிக்காங்க. தப்பிடுவா." அவன் பலகையை விட்டு இந்தப் பக்கம் திரும்பினான். அவனுக்குக் கூட்டத்தில் கதைத்துப் பழக்கமில்லை. "நாளைக்கு பி.எச்.ஐ வருவார். எலிக்காய்ச்சலுக்கு எல்லாருக்கும் குளிசை தருவாங்க. இப்ப காலில காயம் உள்ளாக்கள் சொல்லுங்க. எங்க வெட்டின எண்டு உண்மையச் சொல்லுங்க. பலகை சைபர். இனி விழ ஒண்டும் இல்ல."

நெல் தூக்கும் சங்கிலி உள்ளே கடகடத்துக்கொண்டிருந்தது. பிறகு ஸகியா ஒற்றைக்காலில் நின்று இடது குதியைத் திருப்பிக் காட்டினாள்.

"தொட்டியடியில," என்றாள். "முந்தாநாள்."

"உம்மா! எனக்கும் சொல்லல்ல நீ?" என்றாள் பக்கத்தில் நின்றவள். சொல்லிவிட்டுத் தன் பெருவிரலைக் காட்டினாள்.

ஐந்து பேர். முதலுதவிப் பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழித்துத் திறந்தான். குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். மருந்து வைத்தான், கட்டினான். கட்டு நனையாத இடத்தில் வேலை என்று ஐந்து பேருக்கும் மாற்றிக் கொடுத்தான். காயப் புத்தகத்தின் முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. முதல் வரியில் மாசி மாதத் திகதியைப் போட்டான். பெயர்: மேனுகா. இடம்: ஊறல் தொட்டி. காயம்: வலது உள்ளங்கால். இரண்டாம் வரி கேதீஸ்வரி. மற்ற ஐந்தும் அதற்குக் கீழே.

பிறகு களத்தோரத்துக்குப் போய்ச் சப்பாத்துகளைத் தூக்கத் தொடங்கினான். கைக்கு மூன்று சோடி. களத்தைச் சுற்றிக்கொண்டு மறுகோடிக்குக் கொண்டுபோய்த் தொட்டிப் பக்கம் அடுக்கினான். வீட்டிலிருந்து போட்டுவரும் செருப்பை வாயில் பக்கம் கழற்றலாம். களத்தில் வெறுங்கால். தொட்டிப் பக்கம் இறங்கும்போது சப்பாத்து. நெல்லில் சப்பாத்து படாது, தண்ணீரில் வெறுங்கால் படாது. ஐந்து நடை. அதன்பிறகு தண்ணீருக்குள் கிடந்த தகர வாளிகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டான். எல்லாமாக இருபது நிமிடம்.

ஸகியா கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் படியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

"இவ்வளவுதானா சேர்? இத முன்னமே செஞ்சிரிக்கலாமே."

"ஓம்."

"இப்பதானா உங்களுக்கு யோசனை வந்த?"

"நான் யோசிக்கல்ல," என்றான்.

அலுவலக வாசலில் றிஸ்லான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பஸ் கதைய மறுகா பாப்பம்," என்றார். போகும் என்றும் சொல்லவில்லை, போகாது என்றும் சொல்லவில்லை. "தொட்டிய நாளைக்கு நிப்பாட்டித் துப்பரவாக்கச் சொல்லியிருக்கன். மேனுகாட கதைய என்னட்ட அப்பவே சொல்லியிருக்கலாம் தம்பி."

"ஓம் சேர்."

"நான் அவட செத்தவீட்டுக்கு வந்தநான்."

"தெரியும்."

பொழுது சாயும்போது பாதையில் அவன் மட்டும்தான். பாதைக்காரர் ஒரு ஆளுக்காகவே அதைக் கொண்டுவந்தார். வாவியின் நடுவில் காற்று நின்றது. கரை இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தன.

மாமி கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் சப்பாத்தைக் கழற்றவில்லை. அப்படியே போய் அவளுக்கு எதிரே குந்தினான்.

"மாமி, மேனுகாவுக்குக் கால் வெட்டின வட்டையில இல்ல. மில்லில."

கத்தி மீனின் வயிற்றில் நின்றது.

"ஆரு சொன்ன?"

"எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"அப்ப இருந்து."

மாமி கத்தியைக் கல்லில் வைத்தாள். சட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். இரண்டாம் தரமும் கழுவினாள். வேலிக்கு வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள், மணி அடித்துக்கொண்டு.

"அம்மாவத் தனிய விடாதீங்க எண்டு சொன்னாளே. அது?"

"அவ சொல்லல்ல மாமி. நான் சொன்ன."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பவில்லை.

"அப்ப நீங்க போயிடுவீங்களா?"

"நீங்க போகச் சொன்னாப் போவன்."

மாமி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். மீன் சட்டியில் கிடந்தது.

"அப்ப என்னதான் சொன்னவள்?"

அன்று பெரியாஸ்பத்திரியில் பின்னேரம் மூன்றே கால். குழாய் போட வேண்டும், வெளியே நில்லுங்கள் என்று தாதி சொல்லிக்கொண்டிருந்தாள். மேனுகா முகமூடியைத் தானே கீழே இழுத்தாள். கண் மஞ்சள். மூச்சு நாலு இடத்தில் அறுந்தது. ஆனால் குரல் களத்துக் குரல், வேலை சரியாக நடக்காதபோது அவளுக்கு வருகிற எரிச்சல் குரல். அவன் அதை ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் மாமிக்குச் சொன்னான்.

"இஞ்ச பாருங்க, சப்பாத்தத் தொட்டிப் பக்கம் வைக்கச் சொல்லுங்க. அங்கால வெச்சா ஆரு சுத்திப் போய் எடுக்கிற?"